மிச்சம் நாலு விழுக்காடு

விண்ணப்பத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது. பதினொன்றாவது கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது. அதில் ‘நெறியாளர் கையொப்பம்’ என்று அச்சடித்திருந்தது.

பேராசிரியர் பாக்கியராஜ் பேனாவைத் திறந்தார். ஆரோக்கிய ஜெனித் மூச்சைப் பிடித்துக்கொண்டான். பேராசிரியர் பேனாவை மூடினார்.

“கையெழுத்து அஞ்சு செகண்ட் வேலை, ஜெனித். ஆனா முன்னாய்வு பண்ணாம நான் யாருக்கும் போட்டதில்ல.”

“அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள் சார்.”

“பத்து நாள் இருக்கே. இருபத்தஞ்சு வீடு. ஒரு நாள் போதும்.”

ஜெனித்துக்கு இருபத்தொன்பது வயது. திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுக்கிறான். போன மாதக் கூட்டத்தில் கல்லூரிச் செயலாளர் மேசையைத் தட்டி ஒரு வார்த்தை சொன்னார்: முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டைக் காட்டாதவர்களுக்கு 2009 ஜூனில் நாற்காலி கிடையாது. அன்று முதல் ஜெனித் நெறியாளர் வேட்டையில் இறங்கினான். ஒருவரிடம் இடம் காலியில்லை. ஒருவர் ஓய்வுபெறப் போகிறார். ஒருவர் போனையே எடுக்கவில்லை. நாலாவதாக அகப்பட்டவர்தான் விழுப்புரம் பாக்கியராஜ்.

சாதாரண ஆள் அல்ல அவர். ‘இணக்கக் கோட்பாடு’ என்று ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1993-இல், கல்யாணமாகாத இளைஞராக, கோலியனூருக்குக் கிழக்கே இருக்கும் சின்னப்பநல்லூருக்குப் போய் நூறு வீடுகளில் மாமியார் மருமகள் உறவை ஆராய்ந்தார். எல்லாம் கத்தோலிக்கக் குடும்பங்கள். நூற்றில் தொண்ணூற்றாறு வீடுகளில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டையே இல்லை! இதை வைத்துப் பட்டம் வாங்கினார், வேலை வாங்கினார், டெல்லிவரை போய்ப் பேசிவிட்டு வந்தார்.

ஆனால் மிச்சம் நாலு வீடு அவரைத் தூங்கவிடவில்லை. அந்த நாலு வீட்டில் மட்டும் ஏன் சண்டை? ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அதற்குத்தான். ‘விலகல் வீடுகள்’ என்று பெயர் வைத்தார். மாதா கோயிலிலிருந்து அந்த வீடுகள் எத்தனை அடி தூரம் என்று அளந்தார். அடுப்பு எந்தத் திசை பார்த்து இருக்கிறது என்று குறித்தார். விடை கிடைக்கவில்லை.

“அந்த நாலு விழுக்காடு ஏன்? இதான் உங்க தலைப்பு” என்றார் பேராசிரியர். “முதல்ல முன்னாய்வுல என் தொண்ணூத்தாறு இன்னும் நிக்குதான்னு பாத்துடணும். நிக்கும். எனக்குத் தெரியும்.”

அப்போது மாடி ஜன்னலிலிருந்து கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் கூடை இறங்கி வந்து அவர் தலைக்குப் பக்கத்தில் ஆடியது. கூடைக்குள் ஒரு டம்ளர். மாடியிலிருந்து பேராசிரியரின் அம்மாவின் குரலும் கூடவே இறங்கியது.

“பாக்கியம்! காபில சக்கர போட மறந்துட்டாளா, வேணும்னே போடலியா? கேட்டுச் சொல்லு!”

சமையலறையிலிருந்து உடனே பதில் வந்தது. “சுகர் இருக்கறவங்களுக்குச் சக்கர ஆவாதுன்னு டாக்டர் சொன்னாரு. சொல்லுங்க அவங்ககிட்ட!”

பேராசிரியர் இரண்டையும் யாருக்கும் சொல்லவில்லை. “நகரமயமாதலோட விளைவு” என்று மட்டும் ஜெனித்திடம் மெதுவாகச் சொன்னார்.

அவர் மனைவி பவுலின் காபி கொண்டுவந்தாள். “ஆராய்ச்சிக்கு எந்த ஊருக்குத் தம்பி போறீங்க?”

“சின்னப்பநல்லூருங்க மேடம்.”

டம்ளரை வைக்கப்போன கை அப்படியே நின்றது. பிறகு வைத்தாள். உள்ளே போய்விட்டாள். அவள் போனதும் பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார்.

“இன்னொண்ணு. அந்த ஊர்ல என் பேரச் சொல்லக் கூடாது. சொன்னா பதில் ஒரு பக்கமா சாஞ்சிடும்.”

சனிக்கிழமை காலையில் ஜெனித் திண்டிவனத்தில் பஸ் ஏறி, விழுப்புரத்தில் மாறி, கோலியனூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு சின்னப்பநல்லூர் போய்ச் சேர்ந்தான். கையில் இருபத்தைந்து படிவம். பழைய ஜீன்ஸ், தோளில் பை, கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை.

முதல் வீட்டில் ஒரு அம்மாள் மல்லாட்டை உரித்து, கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெனித் வணக்கம் சொல்லி, குடும்பத் தலைவர் பெயர் எழுதி, ஆட்களை எழுதி, ஏழாவது கேள்வியைக் கேட்டான்.

“வீட்டுல எத்தன அடுப்பும்மா?”

அந்த அம்மாள் உரிப்பதை நிறுத்தினாள். அவன் கழுத்து அட்டையைப் பார்த்தாள். கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

அந்த வருஷம் வீட்டுக்கு வீடு இலவச டிவி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு டிவி. தனி அடுப்பு இருந்தால் தனி கார்டு, தனி கார்டுக்குத் தனி டிவி. கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவன் வந்து அடுப்பைக் கேட்டால் என்ன அர்த்தம்? குழந்தைக்குக்கூடத் தெரியும்.

“ரெண்டு அடுப்புங்க. மருமவளுக்கும் எனக்கும் ஆவறதே இல்ல. அவ தனியா ஆக்கித் துண்றா, நான் தனியா ஆக்கித் துண்றேன். சோறு போடமாட்டா பாவி. எழுதிக்கிங்க.”

மருமகளும் ஓடிவந்தாள். “ஆமாங்க. ஒரு நாளைக்கு நாலு தடவ சண்ட. நல்லா எழுதுங்க. தனிக்குடித்தனம்தான்!”

இரண்டு பேரும் ஒரே குரலில், அவ்வளவு ஒற்றுமையாகச் சண்டையைப் பற்றிச் சொன்னார்கள்.

அவன் இரண்டாவது வீட்டுக்குப் போவதற்குள் சேதி ஐந்தாவது வீட்டுக்குப் போய்விட்டது. ஒரு வீட்டில் மூலையில் ஒரு பெட்டிமேல் சேலையைப் போர்த்தி, அதன்மேல் வேளாங்கண்ணி மாதா படத்தைச் சாத்தியிருந்தார்கள். சேலைக்குள்ளிருந்து யாரோ அழுதுகொண்டே வசனம் பேசினார்கள்.

“டிவி இருக்குதாம்மா?”

“டிவியா? நாங்க எங்கங்க டிவிய கண்டோம்!”

சாயந்திரம் கணக்குப் பார்த்தால், இருபத்தைந்துக்கு இருபத்தைந்து வீட்டிலும் சண்டை. மூன்று வீட்டில் கொலைமிரட்டல்.

ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் படிவங்களைப் புரட்டப் புரட்ட அவர் முகம் சுண்டைக்காய் வற்றலாகிவிட்டது.

“நூறு விழுக்காடு சண்டையா? வாய்ப்பே இல்ல. நீங்க கேட்ட விதம் தப்பு.”

“டிவி குடுக்க வந்தவன்னு நெனச்சிட்டாங்க சார்.”

“அப்படின்னா கல்லூரி லெட்டர் ஒண்ணு கொண்டுபோங்க. நீங்க கவர்மென்ட் இல்லன்னு தெளிவாப் புரியட்டும். பழைய பதிலச் சரிபாத்துத் திருத்திக்கிட்டு வாங்க.”

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடி போனான். கல்லூரிக் கடிதத்தில் முதல்வர் கையெழுத்து, அதன்மேல் ஊதா நிறத்தில் ஒரு வட்ட முத்திரை. அந்த வட்ட முத்திரையைப் பார்த்ததும் ஊருக்கு மிச்சம் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்துபோயிற்று. இது கவர்மென்ட்டேதான்.

“இல்லம்மா, நான் வாத்தியாரு. டிவியும் இல்ல, கார்டும் இல்ல. நெஜத்தச் சொல்லுங்க” என்று கெஞ்சினான். முதல் வீட்டு அம்மாள் வாயே திறக்கவில்லை. சரி, சரிபார்க்கத்தானே சொன்னார் என்று, பழைய படிவத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தான்.

“‘மருமகள் சோறு போடுவதில்லை. பாவி.’ சனிக்கிழமை சொன்னீங்க. இது உண்மையாம்மா?”

அன்றைக்கு ‘பாவி’ என்ற அந்த வார்த்தை மருமகள் காதில் விழவில்லை. இன்றைக்கு விழுந்தது.

“பாவியா? என்னையவா பாவின்னு எழுதச் சொன்ன? கார்டுக்காவ சண்டன்னு சொன்னது சரி, பாவின்னு சொல்லச் சொன்னனா?”

“சோறு போடலன்னா பாவின்னாம புண்ணியவதின்னா சொல்வாங்க?”

“மூணு வேள ஆக்கிக் கொட்டறது யாரு? ஒங்கப்பனா?” என்றாள் மருமகள்.

அப்போதாவது அவன் எழுந்து வந்திருக்க வேண்டும். விதி யாரை விட்டது? ஒரு வீட்டில்தான் கோளாறு என்று எண்ணி அடுத்த வீட்டுக்குப் போய் அங்கேயும் படித்தான். மூன்றாவது வீட்டிலும் படித்தான். நாலாவது வீட்டில் அவன் படிக்கவே தேவைப்படவில்லை. அவர்களாகவே படிவத்தைப் பிடுங்கிப் படித்துக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் தெரு முழுக்க முடி கையில், செருப்பு கையில். பதினைந்து வருஷமாகக் கோட்பாடாக இருந்த ஊர் கொத்துபரோட்டாவாகிவிட்டது.

கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். “ஏசுவ சிலுவைல அறையற பாஸ்கா நாடகத்துலகூட இவ்ளோ சத்தம் வந்ததில்லடா சாமி! யார்யா நீ? ஊர்ல என்னய்யா பண்ணிக்கினு இருக்கற?”

ஜெனித்தை அன்று காப்பாற்றியது சவுரியம்மாள். அறுபது வயது, ஆள் ஆறடி. உபதேசியாரை ஒரு கையால் ஒதுக்கி, ஜெனித்தின் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் இழுத்துப்போய் உட்காரவைத்தாள். ஒரு செம்பு மோர் கொடுத்தாள்.

“எதுக்குப்பா இந்தப் பேஜாரு ஒனக்கு? எந்த ஊரு நீ?”

“திண்டிவனம்மா.”

“கோயிலுக்குப் போறவனா?”

“ஞாயித்துக்கிழம பூசைக்குப் போவேன்மா.”

“வூட்ல யாரு யாரு?”

“அம்மா மட்டுந்தான்.”

“கல்யாணம்?”

“அது ஒண்ணுதான் கொறச்சல்” என்றான் ஜெனித் கசப்புடன். வேலையே நிற்குமா என்று தெரியாதவனுக்குப் பெண் யார் கொடுப்பார்கள்? அதற்குத்தானே இந்த ஓட்டமெல்லாம். அவன் அம்மா தினமும் சோறு போடும்போது இதைச் சொல்லித்தான் குழம்பு ஊற்றுவாள்.

சவுரியம்மாள் அவனை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள். இன்னொரு செம்பு மோர் ஊற்றினாள்.

புதன்கிழமை மாலை பேராசிரியர் பேனாவைத் திறக்கக்கூட இல்லை. கிழிந்த படிவங்களைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

“வேற நெறியாளரப் பாத்துக்கோங்க ஜெனித். என் கோட்பாட்டையே கலைச்சிட்டு வந்திருக்கீங்க.”

“நாளன்னிக்குக் கடைசி நாள் சார். இப்ப யார்கிட்டப் போய் நிப்பேன் சார்?”

மாடியிலிருந்து கூடை இறங்கியது. பேராசிரியர் அதை வாங்கப் போய்விட்டார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது ஜெனித்துக்குக் கண் கலங்கியது. மூன்று வருஷ வேலை, ஒரே ஒரு கட்டத்தில் போகிறது. பின்னால் பவுலின் வந்து நின்றாள்.

“தம்பி, நாளைக்கு இன்னொருக்கா போய்ட்டு வாங்க.”

“அடிச்சே கொன்னுடுவாங்க மேடம்.”

“மாட்டாங்க. நான் சொல்றாப்பல போங்க. இந்த ஜீன்ஸ் வேணாம், கழுத்துல அட்ட வேணாம். நல்லா வெள்ளச் சட்ட போட்டுக்கினு, தலைய படிய வாரிக்கினு போங்க. ஒரு சீப்புப் பழம், ஒரு கிலோ ஆரஞ்சி, பசங்களுக்கு பிஸ்கட்டு வாங்கிக்கினு போங்க.”

“ஆராய்ச்சிக்கு எதுக்குங்க மேடம் பழம்?”

“வெறுங்கையோட போனா யாரு தம்பி நெஜத்தச் சொல்வாங்க?”

அது நியாயமாகத்தான் பட்டது. மேலும், முழுகுகிறவனுக்குத் துரும்பு கிடைத்தால் அது எந்த மரத்துத் துரும்பு என்று விசாரித்துக்கொண்டிருப்பானா?

வியாழக்கிழமை சின்னப்பநல்லூரில் இறங்கியவனுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. தெரு பெருக்கிக் கோலம் போட்டிருந்தது. உபதேசியார் கும்பிட்டார். முதல் வீட்டில், பாவி என்ற மாமியாரும் பாவி எனப்பட்ட மருமகளும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் மருமகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சண்டையா? எங்களுக்குள்ளயா? இவ என் வயித்துல பொறக்காத கொற ஒண்ணுதாங்க!”

“அத்த எனக்கு அம்மா மாதிரிங்க” என்றாள் மருமகள். செவ்வாய்க்கிழமை பிய்ந்த காது இன்னும் சிவந்திருந்தது.

எத்தனை அடுப்பு? ஒரே அடுப்பு. டிவி? தாராளமாக இருக்கிறது, பாருங்கள். மாதா படம் சுவருக்கே திரும்பிப் போய்விட்டது. வீட்டுக்கு வீடு நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார்கள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் விடாமல் காபி. பதினோரு காபி குடித்தான். பத்தொன்பதாவது வீட்டில் ஒரு மாமியார், மருமகள் கையால் வாங்கிக் குடித்தால்தான் தனக்குத் தண்ணீரே இறங்கும் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெனித்துக்கும் கண்ணீர் வந்துவிட்டது. அடடா, சார் எழுதியது அவ்வளவும் சத்தியம்! இப்படி ஒரு ஊரை நாமல்லவா கெடுக்கப் பார்த்தோம்!

சவுரியம்மாள் வீட்டில் ஒரு பெண் தலைகுனிந்தபடி பன்னிரண்டாவது காபியைக் கொண்டுவந்தாள்.

“என் கொழுந்தனாரு பொண்ணு, ஜாக்குலின்” என்றாள் சவுரியம்மாள். “பி.எட். முடிச்சிட்டு கான்வென்ட்ல டீச்சரா இருக்குது. அதிர்ந்து ஒரு வார்த்த பேசாது.”

ஜெனித் மரியாதைக்கு ஒரு வணக்கம் வைத்தான். காபி நன்றாக இருக்கிறது என்றும் சொன்னான். கல்யாணமாகாத பெண் மாமியார் கணக்கில் வராது என்பதால் படிவத்தில் எழுதவில்லை. கதவுக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். ஆராய்ச்சியாளர்களைக் கண்டால் கிராமத்துப் பெண்களுக்குக் கூச்சம்தான் என்று நினைத்துக்கொண்டான்.

கடைசி வீடு தெருக்கோடியில் இருந்தது. அந்த வீட்டு அம்மாள் அவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“சண்டையா? தெனமும்தான். எங்க வூட்ல மட்டுமா? இந்த ஊரே சண்டக்கார ஊருதான். அதுலயும் அந்த சவுரியம்மா வூட்டுப் பொண்ணுங்களுக்கு வாயி கோலியனூரு வரைக்கும் நீளும். நல்லா எழுதிக்கினு போங்க!”

ஆக மொத்தம் இருபத்தைந்தில் இருபத்துநாலு இணக்கம், ஒன்று விலகல்.

அன்று இரவே பேராசிரியர் கால்குலேட்டரைத் தட்டினார். நம்பாமல் இன்னொரு தடவை தட்டினார்.

“தொண்ணூத்தாறு! சொன்னேன்ல? பதினஞ்சு வருஷம் கழிச்சும் அச்சுப் பிசகாம தொண்ணூத்தாறு! அதே நாலு விழுக்காடு விலகல்! இதுக்குப் பேர்தான் ஜெனித், சமூக விதி!”

பேனா திறந்தது. பதினொன்றாவது கட்டம் நிரம்பியது. மாடியில் உலக்கை இடிக்கிற மாதிரி ஏதோ சத்தம் கேட்டது. அதைப் பேராசிரியர் கவனிக்கும் நிலையில் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை நாலு நாற்பதுக்குப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினான். சனிக்கிழமை காலையில் செயலாளர் அதைப் பார்த்து, “ம்” என்றார். அந்த ‘ம்’முக்கு அர்த்தம் நாற்காலி. ஜெனித் அரை கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு, பறக்காத குறையாக விழுப்புரத்துக்கு பஸ் ஏறினான்.

பேராசிரியர் வீட்டுக் கூடத்தில் அவருடைய சாய்வு நாற்காலியில் சவுரியம்மாள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். பேராசிரியர் ஓரமாக ஸ்டூலில் இருந்தார்.

ஜெனித் வாசலிலேயே நின்றுவிட்டான். செவ்வாய்க்கிழமைச் சண்டைக்குப் புகார் கொடுக்க, எப்படியோ முகவரி கண்டுபிடித்து வந்துவிட்டாள்!

“வாப்பா, வா” என்றாள் சவுரியம்மாள். “நாளைக்கு மொத ஓல. கோயில் சாமியார்கிட்ட சொல்லியாச்சு.”

ஓலை என்றால் கல்யாண ஓலை. மணமக்கள் பெயரை மூன்று ஞாயிறு கோயிலில் வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பார்கள்.

“யாருக்கும்மா ஓலை?”

“ஒனக்கும் ஜாக்குலினுக்கும்தான். நேத்தே திண்டிவனம் போய் ஒங்கம்மாகிட்ட பேசிட்டேன், ஒங்கிட்ட நானே சொல்லிக்கறேன்னும் சொல்லிட்டேன். மவராசி, என் கையப் பிடிச்சிக்கினு அழுதுட்டா. ஒங்க பங்குக் கோயில்லயும் சொல்லியாச்சு.”

கையிலிருந்த மைசூர்பாகு கீழே விழுந்தது. “ஐயோ! நான் பொண்ணு பாக்க வரலம்மா! நான் ஆராய்ச்சிக்குத்தாம்மா வந்தேன்!”

“வெள்ளச் சட்ட போட்டுக்கினு, பழத்தோட வந்து, பொண்ணு கையால காபி வாங்கிக் குடிச்சி, நல்லாயிருக்குதுன்னும் சொல்லிட்டு, இப்ப ஆராய்ச்சியா?”

“வீட்டுக்கு வீடு மாமியார் மருமக எப்படின்னுதானே கேட்டேன்!”

“பொண்ணு குடுக்கற ஊருன்னா அதத்தான கேப்பாங்க? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னுவாங்க. ஒரு பொண்ணு கரையேறட்டும்னு ஊரே நெஞ்சில கல்ல வச்சிக்கினு நல்லதே சொல்லிச்சி. செவ்வாக்கிழம செருப்பால அடிச்சிக்கினவளுங்க ஒக்காந்து பேன் பாத்தாளுங்கப்பா! அத்த வீணாக்கிடுவியா நீ?”

ஜெனித் மனசுக்குள் கணக்குப் போட்டான். இருபத்துநாலு படிவமும் பொய்! கையொப்பம் பொய், முன்னாய்வு பொய். ஒப்புகைச் சீட்டு மட்டும் சட்டைப்பையில் நிஜமாக இருக்கிறது. அவன் ஸ்டூலின் பக்கம் திரும்பினான்.

“சார், நீங்களாவது சொல்லுங்க சார்! நான் ஆராய்ச்சிக்குத்தானே சார் போனேன்?”

பேராசிரியர் பாக்கியராஜ் மின்விசிறியைப் பார்த்தார். மாடியிலிருந்து கூடை இறங்கியது. அதைப் பார்த்தார். ஜெனித்தை மட்டும் பார்க்கவில்லை.

பவுலின் காபி டம்ளரை அவன் முன்னால் வைத்தாள்.

“சாரும் தொண்ணூத்திமூணுல எங்க வூட்ல ஒக்காந்து இதையேதான் தம்பி சொன்னாரு, இதோ ஒக்காந்திருக்காங்களே எங்க அம்மா, இவங்கதான் நம்பல. தொண்ணூத்தாறு வூட்லயும் நல்லதா நாலு வார்த்த சொல்லித்தான் என்னையும் கட்டிக் குடுத்தாங்க” என்றாள். “அஞ்சாவது அத்தியாயத்துல தேடிக்கினே இருக்காரே, அந்த மிச்சம் நாலு வூடும் எங்களுக்கு ஆவாத பங்காளிங்க.”